மிதவைப் பாய்த்தோணி: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

பசிபிக் தீவுகளின் பாணியில், ப்ளைவுட்டும் எபாக்சிப் பசையும் வைத்து வீட்டிலேயே ஒற்றை மிதவைப் பாய்த்தோணி கட்டுபவர்களுக்கு இது. நீளம் ஐந்து, ஆறு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஆள் உட்காருவது தோணி, பக்கத்தில் தள்ளி மிதப்பது மிதவை, இரண்டையும் இணைப்பவை குறுக்குக்கைகள். பாயின் விளிம்பைத் தாங்கும் கழிகள் பருமல்கள். முன்முனை அணியம், பின்முனை அமரம்.

உங்கள் தோணி எந்த வகை என்பதை முதலில் சொல்லிக்கொள்ளுங்கள். மார்ஷல், கிரிபாட்டி, கரோலைன் தீவுகளின் தோணிகளிலும் இலங்கையின் ஒருவ என்னும் மிதவைத் தோணியிலும் மிதவை எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே இருக்கும். திசை மாற வேண்டுமானால் பாயை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோவார்கள். அணியம் அமரமாகும், அமரம் அணியமாகும். இதை முனைமாற்றுத் தோணி என்கிறேன். ஹவாய்த் தோணி அப்படியல்ல. அதற்கு அணியம் ஒன்றுதான், மிதவை எப்போதும் இடப்பக்கம். அணியத்தைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பித்தான் திசை மாறும். அது திருப்புத் தோணி. ஒரே கோளாறுக்கு இரண்டிலும் காரணம் நேரெதிராக இருக்கும். இணையத்தில் கிடைக்கும் யோசனைகள் பல ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தெரிவது இதனால்தான்.

இந்த வகைப் படகில் கோளாறு தெரிவது ஓரிடம், இருப்பது வேறிடம். சுக்கான் கனக்கிறது என்று சுக்கானைப் பெரிதாக்குவார்கள். மிதவை கொஞ்சம் கோணலாகக் கட்டப்பட்டிருக்கும். பாய் சரியில்லை என்று பிரித்துத் தைப்பார்கள். பருமல் அளவுக்கு மீறி வளைந்துகொண்டிருக்கும். நல்லவேளையாக இது ஆணியடித்த படகல்ல, கயிற்றால் கட்டிய படகு. பெரும்பாலான திருத்தங்களை அவிழ்த்துக் கட்டியே செய்து பார்த்துவிடலாம். எனவே எதிலும் வரிசை இதுதான்: முதலில் ஆள் உட்காரும் இடம், பிறகு கயிறு, பிறகு ஆப்பு. ரம்பமும் பசையும் கடைசியில்.

எல்லாவற்றுக்கும் முன்: அளவு நாடா

தோணியைச் சமதளத்தில் வைத்து, குறுக்குவாட்டில் ரசமட்டம் பார்த்து ஆப்பு கொடுங்கள். முன் குறுக்குக்கை அருகே தோணியின் நடுக்கோட்டுக்கும் மிதவையின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். பின் குறுக்குக்கை அருகிலும் அதையே அளங்கள். பிறகு இரண்டு மூலைவிட்டங்கள். கடைசியாக, மிதவையின் அடி தரையிலிருந்து இரு முனைகளிலும் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இந்த எண்களைத் தோணியின் உட்பக்கத்திலேயே பென்சிலால் எழுதி வைத்துவிடுங்கள். காகிதம் தேவைப்படும்போது கிடைக்காது. அப்புறம் ஒவ்வொரு கட்டின் மேலும் கயிற்றையும் மரத்தையும் சேர்த்து ஒரு மெல்லிய பெயின்ட் கோடு. கட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

பட்டறையிலேயே தோணி முறுக்கிக்கொண்டிருக்கிறது

பலகைகளைக் கம்பியால் தைத்து நிறுத்திய பிறகு அணியத்தில் நின்று பார்த்தால் அமரத்தின் முனைக்கட்டை ஒரு பக்கம் சாய்ந்து தெரியும். நேரான இரண்டு சட்டங்களைத் தோணியின் விளிம்புகள் மேல், முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாகக் குறுக்கே வையுங்கள். ஒன்றின் மேல்விளிம்பு வழியாக மற்றதைப் பார்த்தால் முறுக்கு எவ்வளவு என்று உடனே தெரிந்துவிடும். பசை போடும் முன் இதைத் திருத்துவது எளிது. தையல் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, மூலைக்கு மூலை கயிறு கட்டி, கயிற்றுக்குள் குச்சி செருகி முறுக்கி இழுங்கள். சட்டங்கள் இணையாக வந்ததும் கம்பிகளைத் திரும்ப இறுக்கிவிட்டு, மூட்டுகளின் உட்பக்கத்தில் இடையிடையே பசைப்பட்டி வைத்து இறுகவிடுங்கள். முழு நீளத்துக்கும் பட்டி அதன் பிறகுதான்.

பசை இறுகிய பிறகே முறுக்கு கண்ணில் பட்டதா? பதற வேண்டாம். முனைக்கட்டை லேசாகச் சாய்ந்திருந்தால் ஓட்டத்தில் தெரியவே தெரியாது. குறுக்குக்கைகள் உட்காரும் இரண்டு இடங்களும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் முக்கியம். தாழ்ந்த இடத்தில் மரத்துண்டு ஒட்டி உயர்த்தி, இழைப்புளியால் சமப்படுத்திவிடுங்கள். அதை விட்டுவிட்டு, கட்டும்போது கயிற்றால் இழுத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், கைகள் நிரந்தரமாக விறைப்பிலேயே இருக்கும், மிதவையும் கோணும்.

எபாக்சி ஒட்டிக்கொண்டே இருக்கிறது, அல்லது மேலே வழவழப்பு

இவை இரண்டு வேறு நோய்கள். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது, நாட்கள் போயும் இறுகவில்லை என்றால் கலவை விகிதம் தவறு, அல்லது சரியாகக் கலக்கவில்லை. பாலியெஸ்டர் ரெசினில் பழகியவர்கள் சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை, அதாவது பசையோடு கலக்கும் இறுக்கியை, கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவார்கள். எபாக்சியில் ஹார்டனர் வெறும் தூண்டுகோலல்ல. அதுவே பசையில் ஒரு பங்கு. கூட்டினாலும் குறைத்தாலும் இறுகாது. அப்படிப்பட்ட பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி பூச வேண்டும். மேலே இன்னொரு பூச்சு போட்டால் அடியில் இருப்பது அப்படியேதான் இருக்கும்.

நன்றாக இறுகியிருக்கிறது, ஆனால் மேலே மெழுகு தடவியதுபோல் இருக்கிறது என்றால் அது ஈரக்காற்றில் சில ஹார்டனர்கள் விடும் படிவு. தண்ணீரில் கரையும். பாத்திரம் தேய்க்கும் நாரும் தண்ணீரும் போதும். கழுவித் துடைத்துக் காயவிட்ட பிறகே உப்புத்தாள். முதலிலேயே உப்புத்தாள் போட்டால் படிவு பள்ளங்களுக்குள் தேய்ந்து உட்கார்ந்து, அடுத்த பூச்சு உரிந்து வரும்.

மரத்திலிருந்து நுரைநுரையாகக் குமிழி வருவதற்கு வெயில் காரணம். காலையில் பூசினால் பொழுது ஏற ஏற மரம் சூடாகும். உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். சாயங்காலம், வெப்பம் இறங்கும் நேரத்தில் பூசுங்கள். அப்போது மரம் பசையை உள்ளே இழுக்கும்.

தோணி ஒரு பக்கமாகவே இழுக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். அதிகம் தவறாகத் திருத்தப்படுவதும் இதுதான்.

முதலில் பாயை இறக்கிவிட்டு, காற்றில்லாத நீரில் இருபக்கமும் மாறி மாறித் துடுப்புப் போட்டுப் பாருங்கள். அப்போதும் மிதவைப் பக்கமே திரும்புகிறதா? கொஞ்சம் திரும்பத்தான் செய்யும், அந்தப் பக்கம் ஒரு மிதவையை இழுத்துக்கொண்டு போகிறீர்களே. விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் மிதவை கோணலாக இருக்கிறது, அல்லது அதிகமாக அமிழ்ந்திருக்கிறது. அளவு நாடாவுக்குத் திரும்புங்கள். முன் தூரத்துக்கும் பின் தூரத்துக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கட்டை அவிழ்த்து நேராக்கிவிட்டு மறுபடி பாருங்கள். தூரம் சரி, ஆனால் மிதவை முக்கால்வாசி மூழ்கியே ஓடுகிறது என்றால் குறுக்குக்கை உட்காரும் இடத்தில் கட்டை வைத்து மிதவையை உயர்த்துங்கள், அல்லது ஆட்களைத் தோணியின் மறுபக்கம் நகர்த்துங்கள்.

பாய் இல்லாமல் நேராகப் போகிறது, பாய் ஏற்றினால்தான் இழுக்கிறது என்றால் வகையைப் பொறுத்தது.

திருப்புத் தோணியில் மிதவை காற்று வரும் பக்கம் இருக்கும்போது அதன் இழுவை அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பும். மிதவை மறுபக்கம் வந்ததும் அதே இழுவை அணியத்தைக் காற்றிலிருந்து விலக்கும். ஒரு திசையில் சுக்கான் கனத்து, மறு திசையில் லேசாக இருந்தால் அது இந்த வகையின் சுபாவம். ஒரு திசையை மட்டும் சரிசெய்யப் போனால் இன்னொன்று கெடும். இரண்டு திசையிலும் காற்றை நோக்கியே முண்டினால் மட்டும் பாயும், தோணி பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நீருக்குள் இறக்கும் பக்கப்பலகையும் பொருந்தவில்லை என்று அர்த்தம். பக்கப்பலகையைப் பின்னால் நகர்த்துங்கள், அல்லது பாய்மரத்தை முன்னால் சாயுங்கள். இரண்டு திசையிலும் காற்றை விட்டு ஓடினால் இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்.

முனைமாற்றுத் தோணியில் முதல் கருவி உடம்புதான். ஆள் முன்னால் நகர்ந்தால் அணியம் ஆழமாகி, தோணி காற்றை நோக்கித் திரும்பும். பின்னால் நகர்ந்தால் விலகும். பாய்க்கயிறு இறுக்கமாக இருந்தாலும் காற்றை நோக்கி முண்டும். ஒரு சாண் விட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் முண்டினால், பருமல்கள் இரண்டும் சேரும் பாயின் கூர்முனை அணியத்தின் கடைசி வரை போய் உட்காரவில்லை. முனையை மாற்றியதும் ஒரு பக்கம் மட்டும் கனத்து மறுபக்கம் சரியாக இருக்கிறதா? அப்படியானால் பாயையும் ஆளையும் விட்டுவிடலாம், மிதவைதான் கோணல். இந்த வகையில் மிதவை துல்லியமாக இணையாக இருந்தே ஆக வேண்டும். முன்முனை உள்நோக்கி இருக்கும்படி லேசாகக் கட்டினால், திசை மாறியதும் அதே கோணல் வெளிநோக்கியதாகிவிடும்.

முன்னே போவதைவிடப் பக்கவாட்டில் அதிகம் நழுவுகிறது

ஓடும்போது பின்னால் திரும்பி, தோணி விட்டுச்செல்லும் நீர்த்தடத்தைப் பாருங்கள். தோணியின் நடுக்கோட்டுக்கும் தடத்துக்கும் உள்ள கோணமே நழுவல். பத்து டிகிரியைத் தாண்டினால் கவனிக்க வேண்டியதுதான்.

பாதிப் பேருக்கு இதில் குற்றவாளி ஓட்டும் விதம். காற்றுக்கு மிக நெருக்கமாகப் போக ஆசைப்பட்டுப் பாயை இறுக்கினால் வேகம் போய்விடும். வேகம் போனால் பலகைக்குப் பிடிப்பு இல்லை. காற்றுக்கு அறுபது டிகிரி வரை விலகி, பாயைத் தளர்த்தி, வேகம் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குங்கள்.

அப்படியும் நழுவினால் பலகையின் அளவைப் பாருங்கள். நீருக்குள் இருக்கும் பரப்பு பாயின் பரப்பில் 3 முதல் 4 விழுக்காடு இருக்கட்டும். 10 சதுர மீட்டர் பாய்க்கு 0.3 முதல் 0.4 சதுர மீட்டர். பலகையின் முன்விளிம்பு உருண்டையாகவும் பின்விளிம்பு மெலிந்தும் இருக்க வேண்டும். வேகத்தில் பலகை ரீங்காரம் போட்டால் பின்விளிம்பு இன்னும் தடிப்பாக இருக்கிறது. கட்டு தளர்ந்து, விசை ஏறும்போது பலகை வெளிப்பக்கம் சாய்கிறதா என்பதையும் நண்பர் ஒருவரை அடுத்த படகில் வரச்சொல்லிப் பார்க்கலாம்.

மைக்ரோனேசியத் தோணிகள் பலகையே இல்லாமல் காற்றை எதிர்த்துப் போகின்றனவே என்று கேட்பீர்கள். அவற்றின் அடி ஆழமான வி வடிவம், அதுவும் இருபக்கமும் ஒன்றுபோல் இருக்காது. 1742இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜார்ஜ் ஆன்சனின் பயணக்குழு மரியானாத் தீவுகளில் ஒன்றான தினியனில் தங்கியபோது வரைந்த தோணியில், காற்று போகும் பக்கம் தட்டையாகவும் மிதவைப் பக்கம் உருண்டும் இருக்கும். முனைமாற்றுத் தோணியில் காற்று எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வருவதால் அது செல்லும். திருப்புத் தோணியில் அதைக் காப்பியடிக்காதீர்கள். ஒரு திசையில் கிடைக்கும் லாபத்தை மறு திசையில் வட்டியோடு திருப்பித் தருவீர்கள்.

மிதவை மூக்கைக் குத்திக்கொள்கிறது

இது திருப்புத் தோணியில் மிதவை காற்று போகும் பக்கம் இருக்கும்போது வருவது, ஆபத்தானது. மிதவையின் மூக்கு நீருக்குள் போனால் தோணி அதைச் சுற்றித் திரும்பிக் கவிழப் பார்க்கும்.

முதல் மருந்து, ஆட்கள் பின்னால் போவது. அடுத்தது மிதவையின் மூக்கை ஒன்றிரண்டு டிகிரி உயர்த்திக் கட்டுவது. குறுக்குக்கைகளுக்கு இடையே 2 மீட்டர் இருந்தால், முன் இணைப்பில் 35 மி.மீ. உயர்த்தினால் ஒரு டிகிரி. அதற்கும் அடங்காவிட்டால் மிதவையின் கொள்ளளவு போதவில்லை. 3.5 மீட்டர் நீளம், 20 செ.மீ. விட்டம் உள்ள உருளை என்று போட்டால் 110 லிட்டர் வரும்; முனைகள் கூராகப் போவதால் உண்மையில் 65, 70 லிட்டர்தான் மிஞ்சும். அதாவது ஓர் ஆளின் எடையைத்தான் அது தாங்கும். ஆழமில்லாத நீரில் ஒருவரை முன் குறுக்குக்கையின் நுனியில் உட்காரவையுங்கள். மிதவை முழுவதும் அமிழ்ந்தால், பலத்த காற்றில் அந்தப் பக்கத்தை நம்பாதீர்கள். பெரிய மிதவை செய்யும்வரை சின்னப் பாய் போடுங்கள்.

முனைமாற்றுத் தோணியில் மூக்கு உயர்த்தும் வித்தை செல்லாது. அதற்கு மிதவையின் இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும்.

மிதவை சட்டென்று மேலே எழும்புகிறது

மிதவை நீரை உரசிக்கொண்டு லேசாக எழும்புவது முனைமாற்றுத் தோணியில் நல்ல ஓட்டத்தின் அடையாளம். பயந்துபோய் மிதவையில் நிரந்தரமாக எடை சேர்க்காதீர்கள். ஆள் குறுக்குக்கை மீது வெளியே நகர்வதுதான் எடை. காற்று விட்டதும் உள்ளே வந்துவிடலாம். அதற்கும் மிஞ்சினால் பருமல்களை ஒன்றோடொன்று நெருக்கும் கயிறு ஒன்று போட்டு, பாயின் வாயைச் சுருக்குங்கள். அந்தக் கயிறு இல்லாமல் நண்டுக்கொடுக்குப் பாயோடு (இரு பருமல்களும் ஒரு முனையில் சேரும் முக்கோணப் பாய்) வெளியே போகவே கூடாது என்பது என் கட்சி.

கட்டு தளர்ந்துகொண்டே இருக்கிறது

நைலான் கயிறா? காரணம் கிடைத்துவிட்டது. நைலான் இழுவையில் நீளும். நனைந்தால் வலுவும் சற்றுக் குறையும். நங்கூரத்துக்கு நல்லது, கட்டுக்கு ஆகாது. 3 அல்லது 4 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு போதும். டைனீமா என்னும் செயற்கை இழைக் கயிறு நீளாதுதான், ஆனால் வழுக்கும். முடிச்சு நிற்க வைப்பதற்குள் பொறுமை போய்விடும்.

கயிறு சரி, கட்டும் முறை தவறாக இருக்கலாம். தடித்த கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றுவதைவிட மெல்லிய கயிற்றால் பத்துப் பன்னிரண்டு சுற்று நல்லது. ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக இறுக்க வேண்டும். எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் இழுத்தால் வெளிச்சுற்று மட்டும்தான் இறுகும். கயிற்றை ஒரு கட்டையில் சுற்றி, காலால் உதைத்து இழுங்கள். பிறகு குறுக்குக்கைக்கும் தோணிக்கும் நடுவில், போட்ட சுற்றுகளைக் குறுக்காக நெருக்கி நாலைந்து சுற்று. உண்மையான இறுக்கத்தைத் தருவது இந்தக் குறுக்குச் சுற்றுதான். பலர் இதையே விட்டுவிடுகிறார்கள்.

கயிறு ஓடும் மர விளிம்புகள் எல்லாம் உருட்டப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கூர்விளிம்பு கயிற்றை அறுக்கும்; அறுக்கும் முன் மரத்துக்குள் புதைந்து கட்டைத் தளர்த்தும். கை பக்கவாட்டில் நழுவினால் இன்னும் இறுக்கிப் பயனில்லை. கையின் அடியில் இருபக்கமும் சின்னத் தடைக்கட்டை ஒட்டிவிடுங்கள்.

சைக்கிள் டியூபைக் கீறிய ரப்பர் பட்டையும் நன்றாகப் பிடிக்கும். மரம் சுருங்கினாலும் ரப்பர் பின்தொடர்ந்து இறுகும். வெயில்தான் அதற்கு எதிரி. மேலே துணி சுற்றிவையுங்கள், வெடிப்பு கண்டால் உடனே மாற்றுங்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம், போல்ட் போட்டுவிடலாம் என்று தோன்றும். கழற்றி மாட்டும் வசதிக்காகச் சிலர் போடுகிறார்கள். ஆனால் குறுக்குக்கை மிக அதிகமாக வளையும் இடமே தோணியின் விளிம்புதான். சரியாக அந்த இடத்தில் துளை போடுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

குறுக்குக்கையில் கீறல்

கீறல் நாரோடு நீளவாக்கில் ஓடினால் பெரும்பாலும் மரம் காய்ந்ததால் வந்த வெடிப்பு. எபாக்சி ஊற்றி மூடிவிட்டுக் கண் வைத்திருங்கள். நாருக்குக் குறுக்கே மெல்லிய கோடு, அதுவும் தோணியின் விளிம்பருகே மேற்பரப்பிலோ அடியிலோ தெரிந்தால் அந்தக் கையை மாற்ற வேண்டியதுதான். மேலே கண்ணாடியிழைத் துணி ஒட்டினால் கோடு மறையும், முறிவு மறையாது. ஹவாயில் குறுக்குக்கைக்கு நீர்ப்பருத்தி மரத்தின் இயற்கையாக வளைந்த கிளையை எடுத்தார்கள். வளைவோடு நாரும் வளைந்து ஓடும். நேர்ப்பலகையில் வளைவை அறுத்தெடுத்தால் நார் பாதியில் அறுபடும். மெல்லிய பட்டைகளை வளைத்து அடுக்கி ஒட்டுவதுதான் வீட்டில் செய்யக்கூடிய மாற்று.

மூடிய மிதவைக்குள் தண்ணீர்

ஓட்டையே இல்லை, ஆனாலும் குலுக்கினால் சலசலக்கிறது. வெயிலில் கிடந்த மிதவைக்குள் காற்று சூடாகி, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு துளை வழியாகக் கொஞ்சம் வெளியேறும். நீரில் இறக்கியதும் குளிர்ந்து சுருங்கி, அதே துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். வெளிர் நிறம் பூசுவது பாதி மருந்து. திருகு மூடி ஒன்று வைத்து, கரையில் இருக்கும்போதெல்லாம் திறந்துவைப்பது மீதி. துளையைக் கண்டுபிடிக்க, மூடி வழியே சின்னக் குழாய் செருகி வாயால் ஊதிக்கொண்டு, வெளியே சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கம்ப்ரஸரைக் கிட்டே கொண்டுவராதீர்கள், ஒட்டு பிளந்துவிடும்.

பாயில் சுருக்கம்

பருமல் ஓரமாகக் கட்டுக்குக் கட்டு சின்னச் சின்னச் சுருக்கம் இருந்தால் விளிம்பை நீளவாக்கில் இன்னும் இழுத்துக் கட்ட வேண்டும். பருமலை ஒட்டி நீளமாக ஒரே மடிப்பு விழுந்தால் அதிகம் இழுத்துவிட்டீர்கள். பருமலின் நடுவிலிருந்து பாயின் பின்மூலைக்குச் சாய்வாக மடிப்பு ஓடினால் பருமல் வளைகிறது. தையலைப் பிரிக்காமல், தடித்த கழியை மாற்றிப் பாருங்கள். மூங்கிலானால் தடித்த அடிப்பக்கம் பாயின் கூர்முனைப் பக்கம் இருக்கட்டும். கணுக்களுக்கு இடையே கயிறு சுற்றி எபாக்சி தடவினால் பிளக்காது.

திரும்பும்போது நடுவில் நின்றுவிடுகிறது

திருப்புத் தோணியில் இடப்பக்கம், அதாவது மிதவைப் பக்கம், திரும்புவது எளிது. மிதவையின் இழுவையே உதவும். வலப்பக்கம் அதே இழுவை தடுக்கும். முழு வேகத்தில் தொடங்கி, துடுப்பால் இரண்டு வலி கொடுங்கள். அப்படியும் நின்றால் காற்றுக்கு முதுகு காட்டிச் சுற்றி வந்துவிடுங்கள். இதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

முனைமாற்றுத் தோணியில் பயப்பட வேண்டியது காற்று தவறான பக்கம் வந்துவிடுவது. பாய் பாய்மரத்தின் மேல் அழுந்தும். மிதவைப் பக்கத் தாங்குகயிறு தொய்ந்துபோகும். மறுபக்கம் தாங்க எதுவும் இல்லாததால் மரம் விழலாம், அல்லது சின்ன மிதவை அமிழ்ந்து தோணி சாயலாம். உடனே பாய்க்கயிற்றை முழுக்க விட்டுவிட்டு, ஆட்கள் மிதவைக்கு எதிர்ப்பக்கம் வந்து, அணியத்தைத் துடுப்பால் சுற்றிக் கொண்டுவாருங்கள். இதைக் காற்றுள்ள நாளில் முதல்முறையாகக் கற்காதீர்கள். இடுப்பளவு நீரில், இளங்காற்றில், உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு வேண்டுமென்றே காற்றைத் தவறான பக்கம் வரவிட்டுப் பழகுங்கள். அப்படியே ஒருமுறை தோணியைக் கவிழ்த்து நிமிர்த்தியும் பாருங்கள். நிமிர்ந்த தோணி விளிம்புவரை நிறைந்து, இறைக்க இறைக்கத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்தால் இரு முனைகளிலும் தண்ணீர் புகாத அடைப்பறை கட்டியாக வேண்டும், அடுத்த ஓட்டத்துக்கு முன்பே.